எளிமை யாருக்கு?

வேட்பாளரின் இணையத்தளம் அழகாக இருக்கின்றதா என்று கேட்போர் பலர். வாக்காளருக்கு எளிதிற் பயன்படுகின்றதா என்பதே முதற்கேள்வியாதல் வேண்டும். அமெரிக்க அதிபர் தேர்தல்களில் இருவர் தங்கள் தளத்திற்கு மக்களை அழைத்த முறையை ஒப்பிட்டுக் காண்போம்.

1996 அக்டோபர் 6ஆம் நாள் ஹார்ட்ஃபர்டு நகரில் நடந்த தொலைக்காட்சி விவாதத்தில், பாப் டோல் தம் தளத்தின் முகவரியை வாய்மொழியாக அறிவித்தார். ஆனால், இடையில் வரவேண்டிய புள்ளி ஒன்றைச் சொல்லாது விட்டார். கேட்டவாறே எழுதினவர்க்குத் தளம் கிட்டாது. ஒற்றெழுத்தின் புள்ளி தவறினால் சொல்லே சிதையும் என்று கற்பிக்கும் நமக்கு இக்குறை நன்கு விளங்கும்.

2007 டிசம்பரில் பராக் ஒபாமாவின் குழுவினரோ தம் தளத்தின் முகப்பை நுணுகிச் சோதித்தனர். மூன்று நிழற்படங்கள், மூன்று காணொளிகள், பொத்தானுக்கு நான்கு வாசகங்கள். ஆக 24 அமைப்புகள். காணொளிகள் யாவும் நிழற்படங்களுக்குத் தோற்றன. ‘பதிவு செய்க’ என்பதை ‘மேலும் அறிக’ என்பது வென்றது. குடும்பப் படமும் அவ்வாசகமும் சேர்ந்தபோது, பதிவு செய்தோர் விகிதம் 8.26 விழுக்காட்டிலிருந்து 11.6 விழுக்காடாக உயர்ந்தது.

அழைக்கும் திறத்தில் பின்னவரே சிறந்தார் என்பதில் ஐயமில்லை. ஆயினும், ‘அறிக’ என்ற பொத்தானை அழுத்தியவர் அங்கே கொடுத்தது தம் மின்னஞ்சல் முகவரியையே. சொல் மாறிற்று, செயல் மாறவில்லை. எளிமை யாருக்கு? கொள்கையை அறிய விழையும் வாக்காளருக்கா, முகவரி திரட்டும் வேட்பாளருக்கா? இவ்வினாவை எழுப்பாமல் எத்தளத்தையும் நன்றென மதிப்பிடுதல் திறனாய்வாகாது.