மூணாறில் கூட்டம், நோர்வூட்டில் நிலம்

கேரளத்தின் மூணாறிலும் லயம்தான், இலங்கையின் நோர்வூட்டிலும் லயம்தான். வெள்ளைக்காரத் துரைமார் காலத்துத் தேயிலைத் தோட்ட வரிசை அறைகள். குடியிருப்போரும் பெரும்பாலும் தமிழர்கள். ஆனால் பாதை, வடிகால், தெருவிளக்கு பற்றி அவர்கள் எங்கே போய்ப் பேசுவது என்பதில் இரு மலைகளும் வெவ்வேறு வழி போயின.

கேரளத்தில் 1996இல் மக்கள் திட்டம் தொடங்கியபோது, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கு என்றார்கள். வார்டுதோறும் கிராமசபை கூடி அதன் செலவைப் பேச வேண்டும். லயத்துப் பெண்ணும் வாக்காளர் என்ற உரிமையில் அங்கே உட்காரலாம். (கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பது அங்கேயும் பெரும்பாடுதான்.) 2015இல் போனஸுக்காக வீதிக்கு வந்த மூணாறுத் தோட்டத் தொழிலாளரான பெம்பிளை ஒருமைப் பெண்களில் சிலர் அதே ஆண்டு உள்ளாட்சித் தேர்தலில் வென்றது இந்தப் பழக்கம் இல்லாமல் நடந்திருக்காது என்பது என் எண்ணம்.

இலங்கை மலையகத்தின் கதை வேறு. 1948இல் குடியுரிமையையும், அடுத்து வாக்கையும் இழந்த சமூகம் அவற்றை மீட்கவே பல பத்தாண்டுகள் போயின. வாக்கு வந்த பிறகும், 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆவது பிரிவு சபைப் பணம் தோட்டத்துக்குள் வரத் தடையாக நின்றது. பீலி உடைந்தால் தோட்டத் தலைவரிடம் சொல்லி, அவர் துரையிடம் சொல்ல வேண்டியிருந்தது. 2018இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு பெரிய சபைகள் ஆறாயின. 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2025 மே 6இல்தான் வந்தது.

நிலத்தில் மட்டும் மலையகத்தில் நாம் ஓரடி முன்னே. இந்தியாவின் 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீட்டை நிர்வாகத்தின் பொறுப்பாக்கியது. வேலை போனால் வீடும் போகும். 2020 ஆகஸ்டில் மூணாறை அடுத்த பெட்டிமுடி லயங்கள் மண்ணில் புதைந்து 70 பேர் இறந்தபோதும் அந்தக் குடும்பங்களுக்குச் சொந்த நிலம் இல்லை. மீரியபெத்தையில் 2014இல் நாமும் அதே துயரைக் கண்டோம். ஆனால் இங்கே 7 பேர்ச்சஸ் காணியில் தனிவீடு என்ற கொள்கை வந்தது. இந்திய உதவியில் 4,000 வீடுகள்; மேலும் 10,000 வீடுகள் 2017 மே மாதம் நோர்வூட்டில் அறிவிக்கப்பட்டன. தேவையோடு பார்த்தால் சொற்பம். உறுதிப்பத்திரத்துக்குக் காத்திருப்போரும் உண்டு.

காணி கிடைத்தவருக்குக் கூட்டம் இல்லை. கூட்டம் கிடைத்தவருக்குக் காணி இல்லை. மலையகச் சபைகள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வரவு செலவுத் திட்டத்துக்கு முன், கொழுந்து நிறுத்து முடிந்த மாலையில், பெரட்டுக்களத்திலேயே வட்டாரக் கூட்டம் வையுங்கள். அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை.