அயலார் காட்சியும் மின் ஆவணமும்

வழக்கொன்றில் உண்மையை நிறுவ ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றனுள் ஒன்றேனும் வேண்டும். பெரிய புராணத்தில், தடுத்தாட்கொண்ட புராணப் பகுதியில், வெண்ணெய்நல்லூர் அவையத்தார் முதியவரிடம் இதனையே கேட்கின்றனர். இவற்றுள் அயலார் காட்சி என்பது வழக்கில் பங்கில்லாத பிறர் கூறும் சான்று. மின்வழிச் செய்திகளுக்குச் சான்றிதழ் வழங்கும் நிலையங்களை ‘நம்பிக்கைக்குரிய மூன்றாம் தரப்பினர்’ என இன்று அழைக்கின்றனர். பெயர் புதிது, கருத்துப் பழையது. ஆயின், பழைய அவையின் தகுதி புதிய நிலையத்திற்கு உண்டா என்பது ஆராயத்தக்கது.

சேக்கிழார் காட்டும் அவை எதனையும் எளிதில் நம்பிவிடவில்லை. கிழிக்கப்பட்டது படியோலையே என்று முதியவர் கூற, மூல ஓலை வெளிவருகிறது. கரணத்தான் அதனைப் படிக்கிறான். பாட்டனார் எழுத்தைப் பேரர் அறியார். அவர் எழுதிய வேறோர் ஓலை இருப்பின் ஒப்புநோக்குக என முதியவர் உரைக்கிறார். அவ்வோலை காப்பிலிருந்து வருகிறது. இரண்டும் ஒத்திருக்கக் கண்ட பின்னரே தீர்ப்பு எழுகிறது. இப்பகுதியை இறைவன் திருவிளையாடலாக மட்டுமே கற்பிப்போர் இந்த நுட்பத்தை விட்டுவிடுகின்றனர். வழக்காடுவோன் இறைவனே ஆயினும், ஒப்புநோக்காமல் அவன் ஆவணத்தை அவை ஏற்கவில்லை. அவையின் பெருமை இதுவே.

மின் ஆவணத்தில் ஒப்புநோக்கக் கையெழுத்தே இல்லை. பிரிக்பீல்ட்ஸ் வணிகர் ஒருவர் கிள்ளானில் உள்ளவர்க்கு ஒப்பந்தம் ஒன்றை அனுப்புகிறார் எனக் கொள்வோம். அவர் தம் தனிச்சாவியால் கையொப்பமிடுவார். பெறுபவர் பொதுச்சாவியால் அதனைச் சரிபார்ப்பார். அப்பொதுச்சாவி அவ்வணிகருடையதே என்று உரைப்பது சான்றிதழ் நிலையம். சான்றிதழ் சாவி யாருடையது என்பதையே கூறும். ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது மெய்யா என்பதைக் கூறாது.

மலேசியா இதற்கென 1997இல் மின்னிலக்கக் கையொப்பச் சட்டத்தை இயற்றியது. அது 1998 அக்டோபர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. உரிமம் பெற்ற நிலையத்தின் சான்றோடு முறைப்படி இடப்பட்ட மின்னிலக்கக் கையொப்பத்திற்குக் கையால் இட்ட கையொப்பத்தின் மதிப்பை அச்சட்டம் அளித்தது. ஆனால் உரிமம் வேறு, நம்பகம் வேறு என்பதை 2011 நவம்பர் உணர்த்திற்று. மலேசியாவின் டிஜிசெர்ட் நிறுவனம் (அமெரிக்காவில் ஒத்த பெயருடைய நிறுவனம் வேறு) வழங்கிய 22 சான்றிதழ்கள் 512 பிட் சாவிகளைக் கொண்டிருந்தமை வெளியாயிற்று. அவ்வளவுடைய எண்ணைப் பகுத்துக் காண இயலும் என்பது 1999இலேயே மெய்ப்பிக்கப்பட்டிருந்தது. இன்ன பணிக்கு மட்டுமே என்னும் வரம்பும், சான்றிதழ் நீக்கப்பட்டதா என வினவியறியும் வழியும் அவற்றில் இல்லை. மலேசிய வேளாண்மை ஆராய்ச்சி மேம்பாட்டுக் கழகத்திற்கு அந்நிறுவனம் வழங்கிய சான்றிதழ் ஒன்றின் சாவி களவுபோய், தீய நிரலுக்குக் கையொப்பமிடப் பயன்பட்டதும் அதே திங்களில் தெரியவந்தது. மைக்ரோசாஃப்ட், மொசில்லா ஆகியவை அந்நிறுவனத்தின் சான்றிதழ்கள் மீது தம் உலாவிகள் வைத்திருந்த நம்பிக்கையை நீக்கின.

சான்று கூறுவோன் பொய் கூறினான் என்பதன்று இங்குள்ள குறை. அவன் சான்றைப் பிறர் சோதித்தறியும் வழியை அடைத்து வைத்தான் என்பதே. வெண்ணெய்நல்லூர் அவையிடம் ஒப்புநோக்கக் காப்பில் ஓலை இருந்தது. இங்கோ, நீக்கப்பட்டதா என்று கேட்டறியவும் இடமில்லை. ‘நம்பிக்கைக்குரிய’ என்னும் அடைமொழியை அரசின் முத்திரை மட்டும் தந்துவிட இயலாது. தன்னையும் சோதனைக்கு உட்படுத்தும் அயலாரே அதற்கு உரியர். கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழாசிரியர்கள் மாணவர்க்கு மின் ஆவணத்தை விளக்குங்கால், சேக்கிழாரின் அவையை முன்னிறுத்துதல் தகும்.