நுழைவாயிலில் தெரியும் கைப்பக்குவம்

நெட்வொர்க் சுவிட்சுக்குள் வரும் போக்குவரத்துக்கு க்யூ.ஓ.எஸ். (எதற்கு முன்னுரிமை என்று வகுக்கும் விதிகள்) அமைப்பதை ஒரு கைவினையாகவே ரசிக்கிறேன். மின்விசிறிகள் ஒரே சுருதியில் இரையும் குளிர்ந்த அறை. பச்சை விளக்குகள் துடிதுடிக்க, கறுப்புத் திரையில் ஒவ்வொரு வரியாக எழுதுகிறார் பொறியாளர். இது குரல், இது காணொளி, இது அவசரமில்லாத பேக்கப் என்று முதலில் இனம் பிரிக்க வேண்டும். பிறகு, வரும் பாக்கெட்டின் குறியீட்டை நம்புவதா என்று முடிவெடுக்க வேண்டும். மேசைத் தொலைபேசி குரலுக்கு 46 என்று குறித்து அனுப்பினால் நம்பலாம். ஏதோ ஒரு கணினி அதே எண்ணோடு வந்தால் 0 என்று திருத்திவிடுவதே முறை. தேர்ந்த கை இங்கேதான் தெரியும். ஒவ்வொரு வகைக்கும் ஒதுக்கிய வேக அளவை மீறி வருவதை எல்லாம் உடனே வீசிவிடாமல், குறியீட்டைத் தாழ்த்தி உள்ளே விடுவது இன்னும் அழகு. நெரிசல் இல்லையென்றால் அதுவும் போய்ச் சேர்ந்துவிடுமே!

அமைப்பைப் போர்ட்டில் பொருத்திய பிறகு வேண்டியது பொறுமை. பாக்கெட் எண்ணிக்கைகள் ஏறுவதைப் பார்த்துப் பார்த்து, பர்ஸ்ட் அளவை, அதாவது திடீரென ஒன்றாகப் பாய்ந்து வர அனுமதிக்கும் அளவைச் சற்றே கூட்டி, சற்றே குறைத்து, சரியான இடத்தில் கை நிற்க வேண்டும். நின்றுவிட்டால், பேக்கப் முழுவேகத்தில் ஓடும்போதும் எதிர்முனையில் பேசுபவரின் மூச்சுகூடப் பிசிறில்லாமல் கேட்கும். உங்கள் அலுவலகத்தில் இதை அமைத்தவர் யாரென்று தெரிந்தால், ஒரு வார்த்தை பாராட்டுங்கள்.