ஐந்தாம் இடம்

வில்லியனூரில் எங்கள் எதிர்வீட்டுப் பெண் மெடிக்கல் கோடிங் படிக்கிறாள். மாதிரி ஆபரேஷன் குறிப்புகளை அவள் வாசிப்பதே ஒரு அழகு. மேலே 'லேப்ராஸ்கோபி' என்று கொட்டை எழுத்தில் இருக்கும், அதை நம்பமாட்டாள். பென்சில் முனை வரிவரியாக இறங்கும். தொப்புளருகே சின்னக் கீறல், டிரோகார், வயிற்றுக்குள் வாயு, கேமரா. நமக்கு முடிந்துவிட்டது, அவளுக்கு இல்லை. பித்தப்பையைச் சுற்றி ஒரே ஒட்டல், வலது விலாவுக்குக் கீழே நீளமாகக் கிழித்தார்கள் என்று பாதிப் பக்கத்தில் ஒரு வரி. அங்கே பென்சில் நிற்கும். "ம்ம்" என்பாள், முறத்தில் கல் அகப்பட்ட மாதிரி. ஐசிடி-10-பிசிஎஸ் என்ற சிகிச்சைக் குறியீட்டின் ஏழு இடங்களில் ஐந்தாவது, எப்படி உள்ளே போனார்கள் என்பதற்கானது. அங்கே லேப்ராஸ்கோபிக்காக வரவிருந்த 4, பூஜ்யமாகிறது: திறந்த அறுவை. கேமரா விட்டுப் பார்த்ததற்குத் தனியாக ஒரு குறியீடு, அதையும் விடமாட்டாள். விழுப்புரம் ரயில் கூவிப் போனாலும் தலை நிமிராது.