உருட்டுவதற்கு முன்பே விழுந்த எண்

திண்டிவனத்துக்கு மேற்கே எங்கள் ஊரில் தாயக்கட்டம் இரண்டு இடங்களில் ஆடப்பட்டது. ஊர்த்தெருவில் ஒரு வீட்டுத் திண்ணையில் சிமெண்டு காயும் முன்பே கட்டம் கீறி வைத்திருந்தார்கள். அங்கே பித்தளைக் கட்டை. சேரியில் வேப்பமரத்தடியில் கரிக்கோடு, ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டை. ஆள் குறைந்த மதியங்களில் திண்ணைப் பையன்கள் என்னையும் கூப்பிடுவார்கள். நான் கீழே நிற்க வேண்டும். எனக்காக மேலே இருக்கிற ஒருவன் கட்டையை உருட்டுவான். நான் சொல்கிற காயை அவனே நகர்த்துவான். காயெல்லாம் பழமானதும் 'நீ ஜெயிச்சிட்டடா' என்பான். ஜெயித்தது யார் என்கிற கேள்வி நாற்பது வருஷம் கழித்தும் எனக்குத் தீரவில்லை.

போன மாதம் விழுப்புரத்தில் ஒரு நண்பர் வீட்டில் அது வேறு உருவத்தில் திரும்ப வந்தது. சென்னையில் படிக்கிற அவர் மகள் விடுமுறைக்கு வந்தபோது 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்கிற ஆட்டத்தின் புத்தகங்களைக் கொண்டுவந்திருந்தாள். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேடம் ஏற்று, பகடை உருட்டிக் கதையை வளர்க்கிற ஆட்டம். ஒருவர் மட்டும் வேடம் கட்டாமல் கதையை நடத்துகிறார். நம்மூர்க் கூத்துக் கட்டியங்காரனுக்கு நீதிபதி வேலையும் சேர்த்துக் கொடுத்தது மாதிரி. அந்தப் பெண்தான் நடத்தினாள்.

"மாமா, நீங்க என்ன இனம்னு மொதல்ல சொல்லணும்."

"பொறந்ததுலேருந்து அதத்தானம்மா கேக்கறாங்க" என்றார் கூட இருந்த தோழர். எல்லோரும் சிரித்தோம். நான் ஓர்க் என்றேன். படத்தில் பார்க்க நம் ஆள் மாதிரி இருந்தான்.

"ஓர்க்னா பலத்துல ரெண்டு கூட்டிக்கலாம். ஒடம்பு உறுதில ஒண்ணு. அறிவுல ரெண்டு கொறச்சுக்கணும்."

"நான் இன்னும் உருட்டவே இல்லியே?"

"நீங்க உருட்டி எது வுழுந்தாலும் அதுல கொறச்சுக்கணும் மாமா. அது பொறப்பு."

அவள் படித்தது 2016இல் வந்த ஒரு துணைப் புத்தகத்திலிருந்து. உருட்டுவதற்கு முன்பே விழுந்துவிட்ட அந்த எண்ணைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இந்த வகை ஆட்டங்களில் காலாவதியான எந்தெந்த விதிகளைத் தூக்கி எறியலாம் என்று ஆடுகிறவர்களே நெடுநாளாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எடுக்கக் கூடாது என்பவர்கள் சொல்வது நமக்குப் பழகிய வாதம்தான்: இது மரபு, ஒரு செங்கல்லை உருவினால் கட்டடமே சரிந்துவிடும். ஆனால் இந்த மரபின் வயதே ஐம்பது சொச்சம். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் அமெரிக்காவில் வெளியிட்ட முதல் பதிப்பில் ஹாபிட்டாகப் பிறந்த வீரன் நாலாம் நிலைக்கு மேல் ஏற முடியாது. குள்ளர் இனத்தவன் ஆறோடு சரி. மனிதனுக்கு மட்டும் வரம்பில்லை. 1978இல் வந்த விதிநூல் பெண் பாத்திரத்தின் பலத்துக்கு ஆணைவிடக் குறைவான உச்சவரம்பை வைத்தது. 1981இன் தொடக்கநிலைப் பதிப்பைப் படிக்கிற தமிழ் வாசகருக்குத் தூக்கிவாரிப்போடும். மனிதனாகப் பிறந்தவன் போர்வீரனாகலாம், குருவாகலாம், மந்திரவாதியாகலாம், திருடனும் ஆகலாம். எல்ஃபாகப் பிறந்தவனுக்குத் தொழிலின் பெயரே எல்ஃப். பிறப்பே தொழில். மனுவைப் படிக்காமலேயே மனுவிடம் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் எடுக்காமலும் இல்லை. பெண்ணுக்கான வரம்பு 1989இல் போனது. இனத்துக்கான நிலை வரம்பு 2000இல் போனது. பிறப்பால் வரும் கூட்டல்களை வேண்டியபடி மாற்றிக்கொள்ள 2020இல் வழி செய்தார்கள். 2024 பதிப்பில் 'இனம்' என்ற சொல்லையே நீக்கிவிட்டு உயிரியல் வகையைக் குறிக்கும் சொல்லைப் போட்டார்கள். ஒவ்வொரு செங்கல்லாக உருவியும் கட்டடம் சரியவில்லை. ஆட்டம் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

ஆனால் பிடுங்கிய எண்ணை எங்கே நட்டார்கள் என்றும் பார்க்க வேண்டும். 2024 பதிப்பில் கூட்டல் பிறப்பிலிருந்து வருவதில்லை. பாத்திரத்தின் முன்கதையிலிருந்து, முன்பு அவன் செய்த வேலையிலிருந்து வருகிறது. உழவனாக இருந்தவன் பலம், உடல் உறுதி, விவேகம் ஆகியவற்றில் கூட்டிக்கொள்ளலாம். பிரபுவாக இருந்தவனுக்குப் பலம், அறிவு, வசீகரம். பிறப்பை எடுத்துவிட்டுத் தொழிலை வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் இது பெரிய மாற்றமாக இருக்கலாம். இரண்டும் ஒன்றாகவே இருந்துவந்த ஊரில் உட்கார்ந்து படிக்கிறவனுக்கு எண் இடம் மாறியது மட்டும்தான் தெரிகிறது. அந்த உழவனுக்கு ஏன் அறிவில் கூட்டல் இல்லை என்று கேட்டேன். 'அது ஆட்டத்தோட சமநிலைக்கு மாமா' என்றாள். சமநிலை என்கிற சொல்லை இந்த அர்த்தத்தில் நாமும் கேட்டிருக்கிறோம்.

அப்படியானால் வித்தியாசங்கள் எதுவும் இல்லாமல் எல்லா வேடத்தையும் ஒன்றாக்கிவிடலாமா என்று தோழர்கள் கேட்கக்கூடும். நான் அதைச் சொல்லவில்லை. ஆடுபுலி ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி தாண்டி வெட்டலாம். ஆட்டுக்கு வெட்டவே உரிமையில்லை, கூடி நின்று புலியை அசையவிடாமல் அடைக்கத்தான் முடியும். இதைவிட ஏற்றத்தாழ்வான ஆட்டம் கிடையாது. ஆனாலும் அதில் அவமானம் இல்லை. காரணம், அடுத்த ஆட்டத்தில் புலி வைத்தவன் ஆடு வைப்பான். வேடம் கழற்றக்கூடியதாக இருக்கிறது. கூத்தில் ஆண் திரௌபதி வேடம் கட்டுவதும் இந்த அர்த்தத்தில்தான்: பிறப்பில் இல்லாததை ஓர் இரவு ஏற்பது. பிறப்பு எண்ணை எழுதிவைக்கிற விதி வேடத்தின் இந்த அடிப்படையையே மறுக்கிறது. அதனால்தான் அதை எடுக்க வேண்டும் என்கிறேன். தோல்வியை, சாவை, பகடையின் குரூரத்தை எடுக்க வேண்டியதில்லை. அவை யாருக்கும் வரும்.

கூத்து என்றதும் செஞ்சி, விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களில் பாரதம் படித்து, இரவெல்லாம் கூத்து ஆடுகிற திரௌபதியம்மன் திருவிழாக்கள் நினைவுக்கு வருகின்றன. அங்கே ஒரு ராத்திரி முழுக்க நடப்பது பகடை பற்றிய விவாதம்தான். வியாச பாரதத்தில் பணயம் வைப்பவன் துரியோதனன், உருட்டுபவன் சகுனி. ஒருவனுக்காக இன்னொருவன் ஆடுவது முறையல்ல என்று தர்மன் ஆட்சேபிக்கிறான். ஆட்சேபித்துவிட்டு ஆடவும் செய்கிறான். பிறகு சபைக்கு இழுத்து வரப்பட்டவள் கேட்கிறாள்: தன்னையே தோற்றவனுக்கு என்னைப் பணயம் வைக்க உரிமை உண்டா? அவள் இரக்கம் கேட்கவில்லை. ஆட்டத்தின் விதியைக் கேள்வி கேட்கிறாள். பீஷ்மர் தர்மம் நுட்பமானது என்கிறார். கௌரவர்களில் விகர்ணன் ஒருவன்தான் அவள் பக்கம் பேசுகிறான். விதியைப் பற்றிய இந்தக் கேள்வி வருஷா வருஷம் நம் மாவட்டத்தில் உரக்கக் கேட்கப்படுகிறது.

கேட்கிறவள் கோயிலுக்குள் யார் போகலாம் என்பது வேறு விதி. விழுப்புரத்தை அடுத்த மேல்பாதியில் திரௌபதியம்மன் கோயிலுக்குள் போன தலித்துகள் 2023 ஏப்ரலில் தாக்கப்பட்டார்கள். ஜூனில் வருவாய்த் துறை கோயிலைப் பூட்டி முத்திரை வைத்தது. நீதிமன்ற உத்தரவுக்குப் பின் 2024 மார்ச்சில் பூசைக்கு மட்டும் திறந்தார்கள். 2025 ஏப்ரலில்தான் போலீஸ் பாதுகாப்போடு தலித்துகள் உள்ளே போனார்கள். அவர்களை வெளியே வைத்திருந்த விதி எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. சட்டப் புத்தகத்தில் இருந்தது அதற்கு நேர் எதிரானது.

இங்கேதான் விதிகளைப் புத்தகத்திலிருந்து நீக்குவதன் எல்லை தெரிகிறது. ஓர்க்கின் அறிவுக்குறைவை ஒரு பதிப்பில் அடித்துவிடலாம். மேசையில் யார் உட்காரலாம், கட்டையை யார் தொடலாம் என்பது அச்சில் இருப்பதில்லை. அடிப்பதற்கு வரி கிடைக்காது. என்னைக் கீழே நிற்கவைத்த விதியைத் தாயக்கட்டத்தின் விதிகளில் தேடினால் கிடைக்காது. அதற்காக அச்சில் இருப்பதை விட்டுவிடலாம் என்று ஆகாது. எழுதிய விதி எழுதாததற்குச் சாட்சி சொல்லப் பயன்படுகிறது.

தாயத்தில் எழுதாமலே எல்லோருக்கும் தெரிந்த ஒரு விதி உண்டு: தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். தாயமும் ஐந்தும் ஆறும் பன்னிரண்டும் போடுகிறவனுக்கு மறு ஆட்டம் வேறு. ஆக, உள்ளே இருப்பவன் உருட்டிக்கொண்டே இருப்பான், வெளியே இருப்பவன் பார்த்துக்கொண்டே இருப்பான். வேப்பமரத்தடியில் எங்கள் ஆயா இதை மாற்றி வைத்திருந்தாள். மூன்று சுற்று தாயம் விழாதவன் காயை இறக்கிக்கொள்ளலாம். வெளியூரிலிருந்து வந்த ஒரு பையன், அது தப்பாட்டம் என்று சண்டைக்குப் போனான்.

"ஆட்டம் நாலு பேர் ஆடறதுக்குடா. ஒருத்தன் குந்திகினு பாக்கறதுக்கு இல்ல. புளியங்கொட்டய நீ எடு" என்றாள்.

விழுப்புரத்து மேசையில் அன்றைக்கு என் ஓர்க்கின் அறிவுக்குறைவை அந்தப் பெண் அடித்துவிட்டாள். நான் கேட்டதற்காகவா, மாமா என்பதற்காகவா தெரியாது. பகடையை என் கையில் கொடுத்தாள். முதல் உருட்டிலேயே தோற்றேன். அந்தத் தோல்வி என்னுடையதாக இருந்தது.