மாளிகையின் வரலாறு மண்ணுக்கடியில்

திட்டக்குடியில் பேருந்தேறிப் பெண்ணாடம், விருத்தாசலம் கடந்து கிழக்கே சென்றால் நெய்வேலி. பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956-இல் தோன்றிய பின் எழுந்த நகரம் அது. அகன்ற சாலைகள், வரிசை தவறாத மரங்கள், பதவிக்கேற்ற வீடுகள்! கண்டு வியக்கிறோம். வியப்பதில் தவறில்லை. வியப்போடு நின்றுவிட்டால் அறிவுக்கு வேலை ஏது? இத்தகைய நகரத்து வீடொன்றின் வரலாற்றை எவ்விதம் எழுதுவது என்ற கேள்வி, வாசலிலேயே சுரங்கத்தை வைத்துக்கொண்டிருக்கும் நமக்குரிய கேள்வி.

நெய்வேலி இளைய நகரம். மாளிகை வரலாறுகள் மிகுதியாகச் சொல்லப்படும் முதிய நகரம் ஒன்றுண்டு; அது கோலார் தங்கவயல். 1870களில் லவேல் என்ற அயர்லாந்துக்காரர் மைசூர் அரசிடம் தோண்டும் உரிமை பெற்றார். 1880களில் லண்டன் நகரத்து ஜான் டெய்லர் குழுமம் வந்தது. பொன் வந்தது, பொன்னோடு பங்களாக்களும் வந்தன. குன்றின்மேல் கண்காணிப்பாளர் மாளிகை, சுற்றிலும் பூந்தோட்டம், கணப்படுப்பு, கோல்ஃப் திடல், மாலை நேரக் கேளிக்கைக்குக் கழகம். அந்நகரைக் 'குட்டி இங்கிலாந்து' என்று கொண்டாடும் எழுத்துக்கு இன்றளவும் பஞ்சமில்லை.

அவ்வெழுத்தின் நிறையை மறைக்க வேண்டியதில்லை. கூரையின் அமைப்பு, தோட்டத்து மரம், விருந்து நாளின் உணவு எனப் பல செய்திகளை அது அன்போடு காத்துத் தருகிறது. ஆயின், அது மாளிகையின் தாழ்வாரத்தில் தொடங்கித் தாழ்வாரத்திலேயே முடிகிறது. தோட்டத்து ரோசாவின் பெயர் கிடைக்கிறது. அதற்கு நீர் ஊற்றியவன் பெயர் கிடைப்பதில்லை. அதுவே அதன் குறை.

மாளிகைக்கு அடித்தளம் எது? கருங்கல்லா? சற்றுக் கீழே இறங்கிப் பார்ப்போம்.

வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூர்ப் பகுதியிலிருந்தும் பஞ்சமும் சாதியும் விரட்டிய தமிழர்கள் அங்கே சென்றனர். அவர்களுள் பெரும்பாலோர் ஆதிதிராவிடர். மேலே ஐரோப்பியர், நடுவே ஆங்கிலோ இந்தியர், அடியில் இவர்கள் என்று சுரங்கமும் ஒரு வருணாசிரமம் வகுத்துக்கொண்டது. மூங்கில் தட்டியால் ஆன குடிசைகளின் வரிசைக்கு 'லைன்' என்று பெயர். 3 கிலோமீட்டருக்கும் ஆழமாய்ச் சென்ற சுரங்கத்தில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசைத் தாண்டும். அழுத்தம் தாளாமல் பாறை வெடிக்கும். வெளியே வருகையில் பொன் ஒளித்தானா என்று உடலைச் சோதிப்பர். பொன் ஒளிக்கவில்லை, நெஞ்சுக்குள் கல்தூசிதான் ஒளிந்திருந்தது! 1940களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளரை மருத்துவர்கள் ஆராய்ந்தபோது, நூற்றுக்கு 40 பேருக்கும் மேலானோரிடம் அத்தூசி நோயைக் கண்டனர்.

1902-இல் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து மின்சாரம் தங்கவயலை அடைந்தது. ஏறத்தாழ 147 கிலோமீட்டர். அந்நாளில் உலகின் மிக நீண்ட மின்தடங்களுள் ஒன்று என்பர். பெருமைதான். அந்த ஒளி முதலில் எந்திரத்தையும் பங்களாவையும் தழுவியது. லைனிலோ நெடுங்காலம் எண்ணெய் விளக்கு. மாளிகை வரலாறு இந்த ஆண்டைப் பெருமிதத்தோடு குறிக்கிறது. விளக்கு எங்கே எரியவில்லை என்பதையும் குறிப்பதல்லவா வரலாறு?

இவ்வாறு எழுத முடியுமா என்று ஐயுறுவோர்க்கு ஒருவர் எழுதியே காட்டியிருக்கிறார். அண்ணா 'ஏழை பங்காளர்' என்று போற்றிய எமிலி ஜோலாதான் அவர். 1884-இல் பிரான்சின் ஆன்சேன் சுரங்கத்துள் தாமே இறங்கிப் பார்த்து, மறு ஆண்டு 'ஜெர்மினல்' நாவலை அளித்தார். அதிலும் ஒரு மாளிகை உண்டு. முன்னோர் ஒருவர் சுரங்கத்தில் போட்ட பத்தாயிரம் பிராங்கு, தலைமுறை தலைமுறையாய்க் குட்டி போட்டு அக்குடும்பத்தை உண்பிக்கிறது. வேலை செய்தறியாத நல்லவர்கள் அவர்கள்! பசித்த தொழிலாளியின் மனைவி குழந்தைகளோடு வருகிறாள். பழந்துணி தருகிறார்கள், ரொட்டி தருகிறார்கள், கேட்ட காசை மட்டும் தரமாட்டார்கள். ஏழைகள் காசைக் குடித்து அழித்துவிடுவார்களாம்!

ஜோலா வீட்டுக்காரரைக் கொடியவராகத் தீட்டவில்லை. அன்புள்ளவர்கள் என்றே காட்டுகிறார். அவர்தம் அன்பும் சுரங்கத்துக் கூலியிலிருந்து கிள்ளிய துண்டு என்பதை நம் கண்முன் வைக்கிறார். உடைமையாளர் யார் என்று கேட்டால், கண்ணுக்குத் தெரியாத கடவுளைச் சுட்டுவதுபோல் இருளை நோக்கிக் கைநீட்டுகிறான் கிழத் தொழிலாளி ஒருவன். முதலாளித்துவமும் மூடநம்பிக்கையும் ஒரே கருவறையில் குடியிருப்பதை இதைவிட எப்படி விளக்குவது?

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. லைனைப் பற்றி எழுதுவோர் கண்ணீரோடு நின்றுவிட்டால் அதுவும் அரை உண்மையே. அந்தத் தட்டிக் குடிசைகளிடையேதான் அயோத்திதாசரின் பௌத்த இயக்கம் வேரூன்றியது. சித்தார்த்த புத்தகசாலை அவருடைய நூல்களை அச்சிட்டது. 1914-இல் அவர் மறைந்த பின்னும், 1926-இல் கோ. அப்பாதுரையார் 'தமிழன்' இதழை அங்கிருந்தே மீண்டும் நடத்தினார். குற்றவாளிகளைப்போல் கைரேகை பதிய மாட்டோம் என்று 1930-இல் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தனர். பங்களாவில் பந்தாட்டம் நடந்த மாலைகளில், லைனில் படிப்பு நடந்தது. எது மாளிகை, எது குடிசை? சிந்தியுங்கள்!

1956-இல் சுரங்கங்கள் அரசுடைமை ஆயின. வெள்ளையர் சென்றனர். பங்களாவுக்கும் லைனுக்கும் இடையிலிருந்த தொலைவும் உடன் சென்றதா? இல்லை, ஆள் மாறினான், தொலைவு மாறவில்லை. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கமே மூடப்பட்டது. ஏறத்தாழ 800 டன் பொன் போயிற்று. அரைத்துக் கொட்டிய மண் குன்றுகளாய் நிற்கிறது. காற்றடித்தால் அத்தூசி வீடுகளுக்குள் வருகிறது. பொன் எடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் விடியுமுன் தொடர்வண்டி ஏறிப் பெங்களூருக்குப் பிழைக்கச் செல்கின்றனர்.

பழைய பங்களாக்களை இடிக்கச் சொல்லவில்லை; காக்கத்தான் வேண்டும். ஆனால், ஒவ்வொரு பங்களாவோடும் ஒரு தட்டிக் குடிசையையும் காத்தாக வேண்டும். ஒன்றில்லாமல் மற்றொன்று பொருள் தராது.

திட்டக்குடி வட்டத்து இளைஞர்களே, நெய்வேலியின் வரலாறும் இன்னும் முழுமையாக எழுதப்படவில்லை. அதை எழுதப் புறப்படும் நாளில் விருந்தினர் மாளிகைக் கதவை முதலில் தட்டாதீர். முந்திரித் தோப்பையும் வயலையும் சுரங்கத்துக்குத் தந்துவிட்டு வேற்றூரில் குடியேறிய முதியவரிடம் செல்லுங்கள். நிரந்தரம் கேட்டு 2012-இல் வேலை நிறுத்தம் செய்த ஒப்பந்தத் தொழிலாளியிடம் செல்லுங்கள். அவர்கள் சொல்வதை எழுதிக்கொண்டு, அதன் பிறகு மாளிகைக்குள் நுழையுங்கள். அப்போதுதான் அதன் விளக்கொளியின் விலை என்னவென்று உங்களுக்கு விளங்கும்.