பெரியல்: பெயர் மறைத்த இசைஞரும் பெயர் மறைந்த குரல்களும்

பெரியல் (இயற்பெயர்: வில்லியம் பெவன்) தெற்கு லண்டனைச் சேர்ந்த சுயாதீன மின்னிசைத் தயாரிப்பாளர். 'பெரியல்' (2006), 'அன்ட்ரூ' (2007) ஆகிய இரு இசைத்தொகுப்புகள் வழியாகப் பரவலாக அறியப்பட்டார். மேடை நிகழ்ச்சிகள் நடத்துவதில்லை. அளித்த நேர்காணல்களும் மிகக் குறைவு. தொடக்க ஆண்டுகளில் இவர் யார் என்பதே கேட்பவர்களுக்குத் தெரியாமல் இருந்தது. நடன அரங்குகளுக்காக உருவான தாளத்தைத் தனிமையில் கேட்கும் இசையாக மாற்றியது இவருடைய முதன்மையான பங்களிப்பு.

பின்புலம்

1980களின் இறுதியில் பிரிட்டனில் ரேவ் எனப்படும் இரவு முழுக்க நீளும் நடனக் கூடல்கள் பரவின. கைவிடப்பட்ட கிடங்குகளிலும் நகருக்கு வெளியே திறந்த வெளிகளிலும் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் கூடினர். 1994-ல் இயற்றப்பட்ட குற்றவியல் நீதி மற்றும் பொது ஒழுங்குச் சட்டம் இத்தகைய கூடல்களைக் கலைக்கக் காவல்துறைக்கு அதிகாரம் அளித்தது. திரும்பத் திரும்ப ஒலிக்கும் தாளம் கொண்ட இசை என்று அச்சட்டமே ரேவ் இசைக்கு வரையறை கூறியது.

அந்தக் கூடல்களுக்குச் செல்லும் வயது பெரியலுக்கு அப்போது இல்லை. அண்ணன்மார் வீட்டுக்குக் கொண்டுவந்த ஜங்கிள் இசை ஒலிநாடாக்களும், அவர்கள் சொன்ன கதைகளுமே அவருக்குக் கிடைத்தன. பெரியலின் உந்துதல் இங்கிருந்து தொடங்குகிறது. அவர் தான் அனுபவித்ததை நினைவுகூரவில்லை, பிறர் சொல்லக் கேட்ட ஒன்றுக்காக ஏங்குகிறார். திருவிழா முடிந்த மறுநாள் காலையில் திடலுக்கு வந்து சேர்ந்த சிறுவனின் நிலை இது. அவன் பார்ப்பது மிதிபட்ட காகிதங்களையும் அணைந்த விளக்குகளையும் மட்டுமே. ஆனால் அவற்றைக் கொண்டே அவனால் ஒரு பெரிய திருவிழாவைக் கற்பனை செய்துகொள்ள முடியும்.

ஸ்டீவ் குட்மன் (மேடைப்பெயர்: கோட்9) நடத்திய ஹைப்பர்டப் முதலில் ஓர் இணைய இதழாக இருந்தது. 2004-ல் இசைப்பதிவு நிறுவனமாக மாறியது. பெரியலின் முதல் குறுந்தொகுப்பு 2005-லும் முதல் முழுத்தொகுப்பு 2006-லும் ஹைப்பர்டப் வழியாகவே வெளியாயின. பிரிட்டனின் 'தி வயர்' இதழ் 'பெரியல்' தொகுப்பை 2006-ன் சிறந்த இசைத்தொகுப்பாகத் தேர்வு செய்தது.

கருவியும் முறையும்

மின்னிசைத் தயாரிப்பாளர்கள் பொதுவாக சீக்வென்சர் என்னும் மென்பொருளைப் பயன்படுத்துவார்கள். அது தாள அடிகளைச் சமமான கட்டங்களில் பொருத்தித் தரும். பெரியல் தன் தொடக்ககாலப் படைப்புகளை சவுண்ட் ஃபோர்ஜ் என்னும் ஒலித்தொகுப்பு மென்பொருளில் உருவாக்கினார். அதில் அத்தகைய கட்டங்கள் இல்லை. ஒலியின் அலைவடிவம் மட்டுமே திரையில் தெரியும். அவர் அடிகளைக் கண்ணால் பார்த்து ஒவ்வொன்றாக ஒட்டினார். தாளம் சரியாக அமைந்தால் அலைவடிவம் மீன்முள் போலத் தெரியும் என்று நேர்காணலில் கூறியிருக்கிறார்.

இதன் விளைவைக் காதால் உணரலாம். அடிகள் நூலிழை அளவுக்கு முந்தியோ பிந்தியோ விழுகின்றன. லண்டனின் கராஜ் இசையில் வழக்கமாக உள்ள துள்ளல் தாளம் இவரிடம் தயங்கித் தயங்கி நடப்பதுபோல் ஒலிக்கிறது. அதன்மேல் மழைச்சத்தம், இசைத்தட்டின் கீறல் ஓசை, வீடியோ விளையாட்டுகளில் தோட்டா உறை தரையில் விழும் ஒலி போன்றவை படிகின்றன. முடித்த பாடலை இரவில் காரில் லண்டன் தெருக்களில் ஓட்டிச்சென்று கேட்டுப் பார்ப்பது அவருடைய சோதனை முறை. அரங்கின் பெரிய ஒலிபெருக்கிகளுக்காக அல்லாமல், வீடு திரும்பும் ஒருவரின் காதுக்காக அமைக்கப்பட்ட இசை இது.

வசதியான கருவி இல்லாததால்தான் இந்த அழகியல் உருவானது என்று முடிவு செய்வது எளிது. அது முழு உண்மை அல்ல. அதே மென்பொருள் அன்று ஏராளமானோரிடம் இருந்தது. கருவியின் குறையை மறைக்காமல், அக்குறை உண்டாக்கும் தடுமாற்றமே தான் சொல்ல விரும்பும் உணர்வுக்குப் பொருத்தமானது என்று கண்டுகொண்டதே பெரியலின் தனித்திறன்.

பெயர் மறைப்பு

2008-ல் 'அன்ட்ரூ' பிரிட்டனின் மெர்குரி பரிசுக்கான இறுதிப்பட்டியலில் இடம்பெற்றது. உடனே பெரியல் யார் என்ற கேள்வி நாளிதழ்களின் துப்பறியும் விளையாட்டாக மாறியது. புகழ்பெற்ற வேறு இசைக்கலைஞர்களின் பெயர்கள் ஊகமாகச் சொல்லப்பட்டன. அந்த ஆண்டு ஆகஸ்டில் பெரியல் தன் மைஸ்பேஸ் பக்கத்தில் ஒரு புகைப்படத்தையும் தன் இயற்பெயரையும் வெளியிட்டு அந்த விளையாட்டை முடித்துவைத்தார். பரிசு எல்போ குழுவுக்குச் சென்றது.

பெயர் மறைப்பை விளம்பர உத்தி என்று சிலர் கருதினர். அதன்பின் வந்த ஆண்டுகள் அந்தக் கருத்துக்குப் பொருந்தவில்லை. பெயர் வெளியான பிறகும் அவர் மேடையேறவில்லை, சுற்றுப்பயணம் செல்லவில்லை. அவர் காலத்து மின்னிசைக் கலைஞர்களுக்கு முக்கியமான வருமானம் நேரடி நிகழ்ச்சிகளிலிருந்து வந்தது. அதைத் தவிர்த்த ஒருவரின் மறைவை வெறும் உத்தியாகக் கொள்ள முடியாது.

குரல்கள்

'அன்ட்ரூ' தொகுப்பின் மையம் அதன் குரல்கள். பெரியலிடம் பாடகர்கள் இல்லை. ஏற்கெனவே வெளியான ஆர்&பி பாடல்களின் குரல்தடங்களை எடுத்து, சொற்களை வெட்டி, வரிசை மாற்றி, சுருதியை ஏற்றி இறக்கிப் புதிய வாக்கியங்களை உருவாக்கினார். 'ஆர்க்கேஞ்சல்' பாடலில் ஒலிக்கும் குரல் அமெரிக்கப் பாடகர் ரே ஜே 2005-ல் வெளியிட்ட 'ஒன் விஷ்' பாடலிலிருந்து எடுக்கப்பட்டது. பெரியலின் கையில் அது ஆணா பெண்ணா என்று பிரித்தறிய முடியாத குரலாகிறது. மூலப்பாடலில் காதலியிடம் மன்றாடிய குரல் இங்கே யாரும் இல்லாத தெருவில் தனக்குத்தானே பேசிக்கொள்கிறது.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. தன் பெயரும் முகமும் வெளிப்படாமல் இருப்பதற்கான உரிமையை பெரியல் வலியுறுத்தினார். அவர் எடுத்தாண்ட குரல்களுக்கு உரியவர்களுக்கோ அந்தத் தேர்வு இருக்கவில்லை. ஒருவர் விரும்பி மறைகிறார், மற்றவர் மறைக்கப்படுகிறார். இரண்டும் ஒன்றல்ல. ஒலிமாதிரிகளைக் கொண்டு உருவாகும் இசை முழுவதற்கும் பொருந்தும் கேள்வி இது. ஆனால் பெயரின்மையைத் தன் அழகியலின் ஆதாரமாகக் கொண்ட கலைஞரிடம் இன்னும் கூர்மையாகக் கேட்கப்பட வேண்டியது.

ரைவல் டீலர்

2013 டிசம்பரில் வெளியான 'ரைவல் டீலர்' மூன்று பாடல்கள் கொண்ட குறுந்தொகுப்பு. அப்போது பெரியல் பிபிசி வானொலித் தொகுப்பாளர் மேரி ஆன் ஹாப்ஸுக்கு ஒரு செய்தி அனுப்பினார். துன்புறுத்தலுக்கும் கேலிக்கும் ஆளாகிறவர்களுக்குத் துணையாக இப்பாடல்கள் இருக்கவேண்டும் என்ற எண்ணம் அதில் வெளிப்பட்டது. அவர் தன் நோக்கத்தை இவ்வளவு நேரடியாகச் சொன்னது அரிது.

இத்தொகுப்பின் கடைசிப் பாடலான 'கம் டவுன் டு அஸ்' திரைப்பட இயக்குநர் லானா வாச்சோவ்ஸ்கியின் உரையுடன் முடிகிறது. திருநங்கையான அவர் 2012-ல் ஒரு விருதை ஏற்று ஆற்றிய உரை அது. பொதுவெளியில் முகம் காட்டாமல் இருப்பதைப் பெரிதும் மதித்த அவர், தன்னைப் போன்ற இன்னொருவருக்குப் பயன்படும் என்பதற்காக அந்த மறைவைக் கைவிட்டதைப் பற்றி அதில் பேசினார். பெரியல் அந்தக் குரலை அடையாளம் தெரியாத அளவுக்குச் சிதைக்கவில்லை. பேசுபவரின் சொற்கள் சொற்களாகவே நிற்கின்றன.

மறைவை நாடிய கலைஞர் மறைவைத் துறந்தவரின் குரலைத் தெளிவாக ஒலிக்கவிட்ட இந்த இடம் பெரியலின் படைப்புலகில் ஒரு திருப்பம். 'அன்ட்ரூ' எழுப்பிய கேள்விக்கு அவர் அளித்த விடையாக இதைக் கொள்ளலாம். ஒரு குரலை மூலப்பொருளாக மட்டும் எடுத்துக்கொள்ளாமல், அக்குரலுக்கு இடம் விட்டுத் தான் ஒதுங்கி நிற்பதும் ஓர் இசையமைப்பு முறையே என்று இப்பாடல் காட்டுகிறது.

பிற்காலப் படைப்புகள்

2012-ன் 'கின்ட்ரெட்' முதல் பெரியலின் பாடல்கள் பத்து நிமிடங்களைத் தாண்டி நீளத் தொடங்கின. 2022 ஜனவரியில் வெளியான 'ஆன்ட்டிடான்' தொகுப்பில் தாளம் ஏறத்தாழ முற்றிலும் மறைந்துவிட்டது. கீறல் ஓசை, காற்று, இருமல், அறுந்த குரல் துண்டுகள் ஆகியவை மட்டுமே எஞ்சுகின்றன. முந்தைய படைப்புகளின் விசை, நடக்கத் தூண்டும் தாளத்துக்கும் நின்றுவிட விரும்பும் குரலுக்கும் இடையிலான இழுபறியில் இருந்தது. தாளம் விலகியதும் அந்த இழுபறி தளர்ந்துவிடுகிறது. சில பகுதிகள் பெரியலின் சொந்த அடையாளங்களைப் பட்டியலிடுவதுபோல் ஒலிக்கின்றன.

மதிப்பீடு

விமர்சகர் மார்க் ஃபிஷர் பெரியலின் இசையை 'ஹான்டாலஜி' என்ற கருத்தின் வழியாக விளக்கினார். தத்துவவாதி ழாக் தெரிதா உருவாக்கிய இச்சொல், நிகழாமல் போன எதிர்காலங்கள் நிகழ்காலத்தில் ஆவிபோல் உலவுவதைக் குறிக்கப் பயன்படுகிறது. ரேவ் வாக்களித்த கூட்டு வாழ்வு கைகூடவில்லை, அதற்கான துக்கமே பெரியலின் இசை என்பது ஃபிஷரின் வாசிப்பு.

இந்த வாசிப்பு முதல் இரு தொகுப்புகளுக்குப் பெருமளவு பொருந்துகிறது. 'ரைவல் டீலர்' தொகுப்பை அது விளக்குவதில்லை. அங்கே இசை இழந்ததை நோக்கித் திரும்பி நிற்கவில்லை, இப்போது தனியாக இருக்கும் ஒருவரை நோக்கிப் பேசுகிறது. துக்கத்தைப் பகிர்வதிலிருந்து துணை நிற்பதை நோக்கிய இந்த நகர்வில்தான் பெரியல் தன் தொடக்கத்தைக் கடந்து செல்கிறார். அவருடைய மிகச்சிறந்த தொகுப்பு 'அன்ட்ரூ' என்றே பெரும்பாலோர் கருதுகின்றனர். ஒலியின் நுட்பத்தில் அது சரி. ஆனால் எதற்காக இசையமைக்கிறார் என்ற கேள்விக்கு பெரியல் தெளிவாகப் பதிலளித்த படைப்பு 'ரைவல் டீலர்'.